வளையும் பிளாஸ்டிக் வீரர்கள்: நிறம் உரியாமல், தலை கழலாமல்

1/72 அளவில் வரும் பிளாஸ்டிக் வீரர்களுக்கு என்னதான் பார்த்துப் பார்த்து நிறம் பூசினாலும், நாலு மேசைப்போர் ஆட்டத்துக்குள் துப்பாக்கி முனையில் உரிய ஆரம்பித்துவிடும். பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். அதில் எதுவும் சுலபமாக ஒட்டாது; போதாததற்கு வளையவும் செய்யும். அச்சிலிருந்து வந்த வழவழப்பும் மேலே படிந்திருக்கும்.

ஆகவே வீரர்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அச்சுக்கோடுகளைப் புது பிளேடால் சீவி எடுங்கள். அரமோ உப்புத்தாளோ வேண்டாம், பிசிறு கிளம்பும். வளைந்த ஈட்டியைக் கொதித்து இறக்கிய நீரில் இடுக்கியால் சில விநாடி பிடித்து, நிமிர்த்தி, அப்படியே குளிர்ந்த நீரில் முக்கினால் நேராக நிற்கும்.

ஒரு வீரனை வேறொரு வீரனாக்கும் உருமாற்றத்தை நிறம் பூசுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தலை மாற்றுவதென்றால் காலருக்குச் சற்று மேலே ஒரே வெட்டு. அறுத்தால் கழுத்து கோணும். உடலிலும் தலையிலும் 0.5 மி.மீ. துளையிட்டு, அதைவிட ஒரு துளி தடித்த பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். சூப்பர் குளூவை மட்டும் நம்பினால் தலை கையோடு வரும். இறுக்கிப் பிடிப்பது கம்பிதான், பசை துணைக்கு. பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்சி புட்டியும் அப்படித்தான்: புட்டி வைக்கும் இடத்தில் ஊசியால் குத்திக் குழிகள் போட்டால்தான் பிடிமானம். இரண்டு பாகத்தையும் சம அளவில் பிசைந்து, ஈரக் கருவியால் வழியுங்கள்.

தலையே மாற்றாமல் செய்யக்கூடியதும் உண்டு. 1815 வாட்டர்லூ பிரிட்டிஷ் காலாட்படையின் பெல்ஜிக் தொப்பியில் முன்பலகை உயர்ந்து நிற்கும். அதன் பின்னால் அதே உயரத்துக்குப் புட்டி நிரப்பி, கயிற்றைச் சீவி, இடப்பக்க இறகை எடுத்து முன்னால் நடுவில் வைத்தால் பழைய குழாய்த் தொப்பி. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியன் படையோடு அதற்கு முன் நடந்த ஐபீரியப் போருக்குப் படை தயார். வாட்டர்லூவிலும் 28-ஆம் ரெஜிமென்ட் இந்தப் பழைய தொப்பியோடுதான் நின்றது. இன்னும் சோம்பலான வழி: பெல்ஜிக் தொப்பியில் எதையும் வெட்டாமல் சட்டைக்குக் கருநீலம் பூசுங்கள், ஐபீரியப் போரின் முற்பகுதிப் போர்ச்சுகீசியர் ஆகிவிடுவார்கள். மேசைக்கு அது போதும்.

அடுத்து அடிப்பூச்சு. சில ஸ்ப்ரே பெயின்ட்கள் இந்தப் பிளாஸ்டிக்கில் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். சட்டத்தின் ஒரு துண்டில் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் கொஞ்சம் இளக்கிய வெள்ளை பி.வி.ஏ. பசையை மெல்லியதாகப் பூசிக் காயவிடுவது பழைய உபாயம். அது வளையும் தோலாகப் படிந்து, மேலே வரும் அக்ரிலிக்கைத் தாங்கும்.

நிறத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். சிவப்புச் சட்டையின் மேடான இடங்களுக்கு வெள்ளை கலக்காதீர்கள், ரோஜா நிறமாகும். ஆரஞ்சு கலந்தால் சிவப்பாகவே ஒளிரும். வெள்ளைப் பட்டைக்கு முதலில் சாம்பல், அதன் நடுவே மெல்லியதாக வெள்ளை. காலரும் கைமடிப்பும் ரெஜிமென்ட்டைப் பொறுத்தவை: 33-க்குச் சிவப்பு, 28-க்கு மஞ்சள்.

கடைசியில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்தபின் பளபளப்பில்லாத மேட் ஒரு பூச்சு. முதலாவது பாதுகாப்புக்கு, இரண்டாவது கண்ணுக்கு. ஈரக்காற்று மிகுந்த நாளில் மேட் ஸ்ப்ரே அடித்தால் வெண்மை பூத்துவிடும். அன்றைக்குப் பிரஷ்ஷால் பூசுங்கள்.