ஓசூர் பக்கம் மனை வாங்கும் முன் மாவட்டத்தைப் படிப்பது எப்படி?

ஓசூர் பக்கம் மனை வாங்கலாமா என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு விளம்பரத் தாளோடுதான் வருகிறார்கள். அதில் விமான நிலையம், மெட்ரோ, ரிங் ரோடு மூன்றும் தவறாமல் இருக்கும். அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். இந்த மனையில் வீடு கட்டினால் அதில் யார் குடியிருப்பார்கள், மாதம் எவ்வளவு வாடகை அவர்களால் கொடுக்க முடியும்? இந்தக் கேள்வியில் தொடங்குங்கள்.

மாவட்டம் வளர்கிறதா என்றால், சந்தேகமே வேண்டாம். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் சுமார் 18.8 லட்சம் பேர். சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் அதற்கு வெகு முன்பே ஓசூரைத் தொழில் ஊராக்கிவிட்டன, 2019-ல் அது மாநகராட்சியும் ஆனது. இப்போது ஏத்தரும் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. ஆனால் ஆலை வந்தால் உங்கள் மனைக்கு விலை ஏறும் என்பது தானாக நடப்பதில்லை, இடையில் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன, அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

முதல் படி வேலை எண்ணிக்கை. ஓலா 2020 டிசம்பரில் 2,400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது, 2021-ல் போச்சம்பள்ளி ஆலையில் 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்றது. இப்படி வரும் எண் எந்த நிறுவனத்திலும் ஆலை முழு அளவில் ஓடும்போது இருக்கக்கூடியது, முதல் வருடத்து எண் இல்லை. அப்புறம் அந்தத் தொழிலாளர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று பாருங்கள். மின்னணு ஆலைகளில் பெரும்பகுதி இளம் பெண்கள், வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள், நிறுவனம் ஏற்பாடு செய்யும் விடுதியில் தங்கி நிறுவனப் பேருந்தில் போய் வருகிறார்கள். அவர்களால் கடைகளுக்கு வியாபாரம் உண்டு, உங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகைதாரர் கிடைப்பதில்லை. குடும்பத்தோடு வந்து வீடு தேடுகிறவர் மேற்பார்வையாளர், பராமரிப்புப் பொறியாளர், நிரந்தர வேலையில் பத்து வருடம் ஓட்டியவர். அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதோ அதையொட்டித்தான் வீடு பார்ப்பார்.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். பகல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு நீங்கள் பார்த்த மனைக்கு அருகிலுள்ள டீக்கடையில் போய் உட்காருங்கள். எத்தனை கம்பெனி பேருந்து அந்தச் சாலையில் திரும்புகிறது, இறங்குகிறவர்கள் நடந்து எந்தத் தெருவுக்குள் போகிறார்கள், இல்லை பேருந்து நிற்காமலே போய்விடுகிறதா என்று கவனியுங்கள். இருட்டியதும் லேஅவுட்டுக்குள் ஒரு நடை நடந்து விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். என் மச்சானுக்காக ஒரு லேஅவுட் பார்க்கப் போனபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். ஐந்து வருடத்துக்கு முன் விற்று முடித்த 60 மனையில் 4 வீட்டில்தான் விளக்கு. மீதியெல்லாம் எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும். விலை மட்டும் ஏறியிருந்தது, ஒரு முதலீட்டாளர் இன்னொரு முதலீட்டாளருக்கு விற்று ஏற்றிய விலை அது. அங்கே வாங்க வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

அடுத்தது வாடகைக் கணக்கு. 'வாடகைக்கு' என்று பலகை தொங்கும் நான்கைந்து வீடுகளில் வாடகை கேளுங்கள். உதாரணத்துக்கு, மனையும் கட்டுமானமும் சேர்த்து 50 லட்சம் ஆகிறது, அதே மாதிரி வீட்டுக்கு மாதம் 12,000 வருகிறது என்றால் வருடத்துக்கு 1,44,000, அதாவது மூன்று சதவீதத்துக்கும் கீழே. வீட்டுக் கடன் வட்டி அதைவிட எவ்வளவு மேலே என்று உங்கள் வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே குடியேறப் போகிறீர்கள் என்றால் இந்த இடைவெளி அவ்வளவு உறுத்தாது. முதலீடு என்றால், அந்த இடைவெளியை முழுக்க விலையேற்றம்தான் நிரப்ப வேண்டும்.

அந்த விலையேற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களையும் பார்த்துவிடுவோம். 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார், உண்மைதான். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புது விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை 2033 வரை இருக்கிறது. விமான நிலையம் அருகில் என்று வாங்கும் நிலம் கையகப்படுத்தும் எல்லைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பெங்களூரு மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது, ஓசூர் நீட்டிப்பு அதற்குள் சேராது. இன்று இருக்கும் சாலை, இன்று ஓடும் பேருந்து, இவற்றுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரி இருக்காது, நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். பெங்களூருவின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. பக்கத்து வீட்டில் போர்வெல் எத்தனை அடி, ஏப்ரலில் எத்தனை நிமிடம் ஓடுகிறது, லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்க வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். மனை பார்க்கப் போவதே கோடையில் போனால் நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பத்திரம் பக்கம் போக வேண்டும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றை நல்ல வக்கீல் ஒருவர் பார்த்துவிடுவார். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத அங்கீகாரமற்ற மனை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் சர்வேயரை அழைத்துப் போய் வரைபடத்தோடு நான்கு கல்லையும் அளந்து பாருங்கள், கல் இடம் மாறியிருந்தால் அன்றைக்குப் பணம் கைமாற வேண்டாம்.