ரெட்டிகிளை ஸ்கேலாகப் படிப்பது: தூரக் குறிக்கான நடைமுறை

துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகள் (ரெட்டிகிள்) நடுப்புள்ளியைக் காட்ட மட்டும் என்று நினைத்தால் பாதிக் கருவி வீணாகிறது. தூரக் குறிக்கு ரெட்டிகிள் ஒரு ஸ்கேல். 1 மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 10 செ.மீ., 600 மீட்டரில் 60 செ.மீ. ரெட்டிகிள் மில்லில் இருந்தால் டரட்டும் (குறியைத் திருத்தும் திருகு) மில்லிலேயே இருக்கட்டும். ரெட்டிகிள் மில், டரட் எம்ஓஏ (கோணத்துக்கான வேறொரு அலகு) என்றால் ஒவ்வொரு திருத்தத்தையும் 3.44 ஆல் பெருக்க வேண்டும். அவசரத்தில் அங்கேதான் கணக்கு தப்பும்.

துப்பாக்கி காலியாக, போல்ட் திறந்திருக்கும்போதே கண்பக்க வளையத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து, இரண்டு மூன்று நொடிகளில் கோடுகள் கூர்மையா என்று முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் பார்த்தால் கண்ணே மங்கலை ஈடுகட்டி ஏமாற்றிவிடும். பிறகு பாரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது கோடும் குறிமேல் நகர்வதுபோல் தெரியும் பிழை: தலையை லேசாக அசைக்கும்போது குறியின் மேல் கோடு நகரக்கூடாது. பாரலாக்ஸைத் திருத்தும் குமிழில் அச்சிட்ட மீட்டர் எண்ணை நம்பாமல் இந்த அசைவை நம்புங்கள்.

உங்கள் ஸ்கோப் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். முதல் குவியத்தளத்தில் (ஜூம் லென்ஸ்களுக்கு முன்னால்) ரெட்டிகிள் இருந்தால் எந்த ஜூமிலும் 1 மில் 1 மில்தான். இரண்டாவது தளத்தில் (அவற்றுக்குப் பின்னால்) இருந்தால் ஒரே ஒரு ஜூமில் மட்டும் சரி. 20 மடங்குக்கு அளவிட்டதை 10 மடங்கில் வைத்தால், 1 மில் கோடு உண்மையில் 2 மில்.

அடுத்தது சாய்வு. இதை அலட்சியம் செய்பவர்களே அதிகம். 50 மீட்டரில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டப்பலகையால் நேராக்கி, செங்குத்துக் கோட்டைக் கயிற்றோடு பொருத்தி, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை இறுக்குங்கள். 800 மீட்டருக்கு 8 மில் ஏற்றியிருக்கும்போது துப்பாக்கி 3 டிகிரி சாய்ந்தால், தோட்டா சாய்ந்த பக்கமாக 0.4 மில், அதாவது 30 செ.மீ.க்கும் மேல் விலகும். சுட்டவர் காற்றைப் பழிப்பார்.

டரட்டையும் சோதியுங்கள். டேப்பால் அளந்த 100 மீட்டரில், உயரமான காகிதத்தில் செங்குத்துக் கோடு வரைந்து, அடிப்புள்ளியில் சுட்டு, 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். துளைகள் 100 செ.மீ. மேலே விழ வேண்டும். 98 செ.மீ. என்றால் 8.0 மில் தேவைப்படும் இடத்தில் 8.2 வைக்க வேண்டும்.

தூரம் கணிக்க: குறியின் அளவு மீட்டரில், பெருக்கல் 1000, வகுத்தல் மில். 45 செ.மீ. எஃகுத் தகடு 0.6 மில் காட்டினால் 750 மீட்டர், 0.7 என்றால் 643. ஒரு சிறு கோடு தவறினால் நூறு மீட்டருக்கு மேல் பிழை! அதனால் 0.05 வரை படிக்கப் பழகுங்கள். இருபுறமும் தாங்கு வைத்து, மூச்சை விட்ட நிலையில், தகட்டின் ஓரத்தைக் கோட்டின் ஒரே விளிம்பில் நிறுத்துங்கள். லேசர் மானி இருந்தால் அதையே நம்பலாம். இது பேட்டரி தீர்ந்த நாளுக்கு.

உயரத்தை டரட்டில் ஏற்றுவதும், காற்றைக் கோட்டில் பிடிப்பதும் நல்ல வழக்கம், ஏனெனில் காற்று நொடிக்கு நொடி மாறும். தோட்டா தகட்டின் இடப்புறம் விழுந்து மண் தெறித்தால், குறியிலிருந்து அது எத்தனை மில் என்று கோட்டிலேயே படியுங்கள். 0.4 என்றால் 0.4 வலப்புறம் பிடியுங்கள். செ.மீ. கணக்கே வேண்டாம். அந்தத் தெறிப்பு கண்ணில் பட வேண்டுமானால் ஜூமைக் குறையுங்கள். 25 மடங்கில் உதைப்போடு குறி பார்வையை விட்டுப் போய்விடும், கானலும் பெரிதாகத் தெரியும்.

சுட்டு முடித்ததும் டரட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எத்தனையாவது சுற்றில் நிற்கிறது என்றும் பாருங்கள். 8 மில் மறந்து நின்றால், அடுத்த நாள் 100 மீட்டரில் முதல் தோட்டா 80 செ.மீ. மேலே போகும், பின்னாலுள்ள மண்மேடு அந்த உயரத்துக்கு இல்லாமலும் இருக்கலாம்.