விலங்கு நல அமைப்புக்குப் பணம் அனுப்பும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

முதியோர் இல்லத்தில் சாப்பாடு சரியில்லை என்றால், அங்கே இருக்கும் ஒரு பாட்டியாவது பார்க்க வருபவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுவார். காப்பகத்தில் இருக்கும் நாயோ பூனையோ யாரிடமும் சொல்லாது. வெளியே வந்து புகார் கொடுக்காது, பேட்டி கொடுக்காது. அதன் சார்பில் கேள்வி கேட்க வேண்டியவர் பணம் கொடுப்பவர்தான். விலங்கு நலத்துக்கு நன்கொடை கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

முதல் தவறு, வீடியோவை நம்பிப் பணம் அனுப்புவது. குழியில் விழுந்த குட்டி, பாம்பு சுற்றிய பூனை, கடைசி நொடியில் வந்து காப்பாற்றும் ஒரு கை, கீழே ஒரு க்யூஆர் கோட். இதில் கணிசமானவை படம் எடுப்பதற்காகவே விலங்கை ஆபத்தில் தள்ளி எடுக்கப்பட்டவை. இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2021இல் யூடியூப், நாடகமாக எடுக்கப்படும் மீட்பு வீடியோக்களைத் தடை செய்வதாக அறிவித்தது. மீட்பவர் வருவதற்கு முன்பே கேமரா அங்கே தயாராக நிற்கிறதா? ஒரே குட்டி வேறு வேறு வீடியோவில் வருகிறதா? டாக்டர், மருத்துவமனை, அடுத்த வாரம் அந்த விலங்கு எப்படி இருக்கிறது என்ற செய்தி எதுவுமே இல்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பணத்தை நிறுத்திவைப்பது நல்லது. அப்படிப்பட்ட வீடியோவுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த குட்டியைக் குழியில் தள்ளக் கூலியாகிறது.

அதற்காகத் தனி ஆள் கேட்கும் உதவியெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர்கள் பலர் தங்கள் சொந்தப் பணத்தை இதற்குச் செலவழிக்கிறார்கள். அவர்கள் உதவி கேட்டால் சிகிச்சை நடக்கும் கிளினிக்குக்கு ஒரு போன் செய்து, பில் தொகையை நேராக அங்கேயே கட்டிவிடலாம். உண்மையாக உதவி தேவைப்படுபவர் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்.

அடுத்தது மிகவும் பரவலான தவறு. விலங்குகளுக்கு அதிகத் துன்பம் தருவதும் இதுதான். "இங்கே நானூறு நாய்கள் இருக்கின்றன, எதையும் நாங்கள் திருப்பி அனுப்ப மாட்டோம்" என்று ஒரு காப்பகம் சொன்னால் நமக்கு மனம் நெகிழ்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்க வேண்டிய வாக்கியம் அது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? டாக்டர் தினமும் வருகிறாரா? புதிதாக வரும் நாயைத் தனியாக வைத்துக் கவனிக்க அறை இருக்கிறதா? அந்த அறை இல்லாத இடத்தில் வேகமாகத் தொற்றும் பார்வோ நோயோடு ஒரு குட்டி உள்ளே வந்தால் போதும், மற்ற குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும் அப்படித்தான். தெருவில் பிழைத்திருக்கக் கூடிய நாய், காப்பாற்றப்பட்டதாலேயே செத்துப்போகும் கொடுமை இப்படித்தான் நடக்கிறது. இடம் நிறைந்துவிட்டால் "இப்போது சேர்க்க முடியாது, முதலுதவிக்கு வழி சொல்கிறோம்" என்று சொல்லும் காப்பகத்தைக் கல்நெஞ்சம் என்று திட்டுகிறோம். உள்ளே இருக்கும் விலங்குகளை நினைத்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

எனவே நேரில் போய்ப் பாருங்கள். பார்வை நேரம் என்று ஒன்றை வைத்திருப்பது நியாயம். எப்போதுமே உள்ளே விடமாட்டோம் என்பது நியாயம் இல்லை. தண்ணீர்த் தொட்டி சுத்தமா, நிழல் இருக்கிறதா, நாய்களின் தோல் எப்படி இருக்கிறது, பெண் நாய்களுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை இறந்தன? அடிபட்டும் நோயோடும் வரும் விலங்குகளை ஏற்கும் எந்த இடத்திலும் சாவு இருக்கும். அந்த எண்ணை மறைக்காமல் சொல்பவரை நான் அதிகம் நம்புவேன். "இங்கே எதுவும் சாகாது" என்பவரிடம் பணம் கொடுக்க மாட்டேன்.

மீட்பு மட்டுமே விலங்கு நலம் என்று நினைப்பதும் ஒரு தவறு. ஒரு பெண் நாய் வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடக் கூடியது. அந்தக் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. ஒரு கருத்தடை அறுவை சிகிச்சை அத்தனை சாவுகளையும் பிறப்பதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. ஆனால் கருத்தடைக்குக் கண்ணீர் வரவைக்கும் வீடியோ கிடையாது, அதனால் நன்கொடையும் குறைவு. தடுப்பூசியும் இதே கதைதான். ஒரு பகுதியில் சுமார் 70 சதவீத நாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு. கோவாவில் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து வருஷா வருஷம் விடாமல் இதைச் செய்தார்கள். 2018 முதல் சில ஆண்டுகள் அங்கே ஒரு மனிதர்கூட ரேபிஸால் சாகவில்லை. மனிதர் சாவு குறைந்தால் நாய்களை அடித்துக் கொல்லும் வெறியும் குறையும்.

கருத்தடைக்கு நிதி கேட்கும் அமைப்பிடம் கேட்க வேண்டியவை தனி. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இந்த வேலையைச் செய்ய இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது நான்கு நாள் வைத்துப் பராமரிக்க வேண்டும், பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் வேறு உத்தரவு போட்டிருக்கிறது. "உங்கள் தெரு நாய்களை வேறு ஊரில் விட்டுவிடுகிறோம், செலவுக்குக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது உதவி அல்ல, சட்டமீறல்.

சட்டத்தையும் கொள்கையையும் மாற்ற உழைப்பவர்களுக்குக் கொடுப்பது வீண் என்றும் பலர் நினைக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 1990களின் நடுப்பகுதி வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா 1964 முதல் சொல்லிவந்தது. முப்பது ஆண்டுப் பொறுமை அது. அதனால் பிழைத்த நாய்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது.

பெயர்க் குழப்பத்திலும் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவும் ப்ளூ கிராஸ் ஆஃப் ஹைதராபாத்தும் தனித்தனி அமைப்புகள். எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) என்ற பெயரில் பல மாவட்டங்களில் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேராது. வங்கிக் கணக்கின் பெயரும் அமைப்பின் பதிவுப் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஆவணங்கள் விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சிலர் எதையும் கேட்பதில்லை. சிலர் 80ஜி இருக்கிறது என்றதும் நல்ல அமைப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 80ஜி என்பது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான பதிவு, அவ்வளவுதான். கூண்டு சுத்தமாக இருக்கிறதா என்று அது சொல்லாது. சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. இதைவிட முக்கியம், தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு. அதைப் பார்க்கும்போது சம்பளச் செலவு அதிகம் என்று முகம் சுளிக்க வேண்டாம். கால்நடை மருத்துவரும் கூண்டு கழுவுபவரும் சம்பளம் வாங்கத்தான் வேண்டும். சம்பளமே காட்டாத கணக்கில், வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கிளி, குரங்கு, நட்சத்திர ஆமை, தேவாங்கு என்று காட்டுயிர்களை மடியில் வைத்துக்கொண்டு படம் போடும் "மீட்பு மையம்" எதற்கும் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருக்க முடியாது. உண்மையான மையம் அவற்றை மனிதர்களிடம் பழக விடாது, காட்டுக்குத் திரும்ப வேண்டிய உயிர்கள் அவை.

நாய், பூனையோடு நம் மனம் நின்றுவிடுவதையும் சொல்லியாக வேண்டும். நாமக்கல் முட்டைக் கோழி தன் வாழ்நாள் முழுவதும் ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல் கம்பிக் கூண்டில் நிற்கிறது. சுமை இழுக்கும் மாடு, கழுதை, வெட்டுக்கு லாரியில் நெருக்கிக் கொண்டுபோகப்படும் எருமை ஆகியவற்றுக்காக வேலை செய்யும் அமைப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் நிதி மிகக் குறைவு. உங்கள் பங்கில் ஒரு பகுதியை அங்கே ஒதுக்கலாம்.

தீபாவளி முடிந்து வெடிக்காயத்தோடு நாய்கள் வரும் வாரத்தில் நன்கொடை குவிகிறது, பிப்ரவரியில் அரிசி வாங்கக் காசில்லை. பலரிடமிருந்து மாதம் 300 ரூபாய் தவறாமல் போனால் காப்பகம் ஒரு ஊழியரை நம்பி வேலைக்கு வைக்க முடியும். பொருளாகக் கொடுப்பதானால் முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பழைய சோறும் பிஸ்கட் பாக்கெட்டும் குவிந்து கிடக்கும் இடத்தில் தேவைப்படுவது ப்ளீச்சிங் பவுடராக இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க இன்னொன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். அதை வாங்க அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இருக்க வேண்டும். இவை இல்லாத அமைப்பின் கணக்கில் ஆசையாகப் பணம் போட்டால், மாட்டிக்கொள்வது அந்த அமைப்புதான். ஆகவே அனுப்பும் முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.