முனுசாமிகள் பலர்: நேட்டால் கப்பல் பட்டியலில் மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் முனுசாமி என்று தேடிப் பாருங்கள், திரை நிரம்பிவிடும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். முனுசாமி, ராமசாமி, வீராசாமி, முனியம்மா என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பெயரும் ஜில்லாவும் பொருந்துகிற முதல் வரியைக் கண்டதும் “இவர்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா” என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

நானும் அதைச் செய்தேன். ஒரு குடும்பத்துக்காகத் தேடியபோது வடஆற்காட்டு முனுசாமி ஒருவரைக் கண்டு, அவர் ஊரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அந்த ஊருக்கே போய் அம்மன் கோயிலில் பொங்கலிட்டு வந்தார்கள். பிறகு மரணப் பதிவு கிடைத்தது. அதிலிருந்த பதிவு எண் வேறொரு முனுசாமியுடையது. அந்த வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொல்லப் போன நாளை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நான் ஆளுக்கு ஒரு தாள் போடுவது எண்ணை வைத்துத்தான். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கணவருக்குத் தனி, மனைவிக்குத் தனி என்று, ஓர் எண் கொடுத்தார்கள். அது வந்த வரிசையில் ஏறுவதால் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். 1866-இல் நின்ற ஆள் அனுப்பல் 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. 1866 வரையிலான முதல் கட்டத்தில் வந்தவர்கள் 6,445 பேர். ட்ரூரோவில் வந்தவர் என்று குடும்பம் சொல்லும் பாட்டனாரின் எண் ஐந்து இலக்கத்தில் இருந்தால் எங்கோ பிசகு இருக்கிறது. ஊர் திரும்பி மறுபடி கப்பலேறியவருக்கு இரண்டு எண்கள் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண் கிடைக்காவிட்டால் தந்தை பெயர், கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. இரண்டு மூன்று ஆண்டு வேறுபாட்டுக்காக ஒருவரை ஒதுக்காதீர்கள். ஒருமுறை தந்தை பெயர், ஜில்லா, வயது மூன்றும் ஒத்த இருவர் என்னைத் திணறடித்தார்கள். “தாத்தா கணுக்காலில் அரிவாள் பட்ட தழும்பு இருக்கும்” என்று பேத்தி சொன்ன பிறகே, பட்டியலின் அடையாளப் பத்தியைப் பார்த்து அவரைப் பிரித்தெடுக்க முடிந்தது. வயதானவர்களிடம் கேட்காமல் தேடத் தொடங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று நினைப்பதும் தவறு. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஒரே மனிதர் ஒரு காகிதத்தில் முனிசாமி, இன்னொன்றில் மூன்சாமி.

ஊரிலும் கவனம் வேண்டும். வடஆற்காடு என்றதும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடுகிறார்கள். சித்தூர் 1911 வரை வடஆற்காட்டில்தான் இருந்தது. நீங்கள் தேடும் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். பெயரோடு ஒட்டிய ஊர் பிறந்த ஊராகவும் இருக்க வேண்டியதில்லை. தில்லையாடி வள்ளியம்மை 1898-இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவருடைய தாயின் ஊர்.

குடும்பப் பெயரை நம்பி உறவு கொண்டாடுவதும் ஆபத்து. முதலியார் அங்கே ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கோவெந்தர்’ ஆனார். இரண்டு மூட்லிகளுக்குள் இரத்த உறவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டிலோ நேர்மாறான சிக்கல்: பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 1890-களில் ஒப்பந்தம் முடித்த முனுசாமியும் 1930-களில் கடை வைத்த முனுசாமியும் தாத்தாவும் பேரனுமாக இருக்க, இருவரையும் கலந்து நூறு வயது வாழ்ந்த ஒருவரை உருவாக்கிவிடுகிறார்கள். இப்படிக் கலந்த மரத்தை உறவினர்கள் பத்துப் பேர் நகலெடுத்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. சந்தேகம் இருக்கும்வரை இரண்டு தாள்களாகவே வைத்திருங்கள்.

என்னிடம் அப்படி இரண்டு தாள்கள் நான்கு ஆண்டுகளாகச் சேராமல் இருக்கின்றன. தந்தை பெயர் ஒன்று, தாலுகா ஒன்று, உயரத்தில் மட்டும் இரண்டு அங்குல வேறுபாடு. ஒரு திருமணப் பதிவுக்காகக் காத்திருக்கிறேன்.