தொடுவுணர்வின் நுண்மையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

உளவியல் பாடநூல்களில் புலனுணர்வும் புலக்காட்சியும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். புறத்தூண்டலை உடலின் ஏற்பிகள் பதிவு செய்வது முதலாவது. அந்தப் பதிவுக்கு மூளை பொருள் கொடுப்பது இரண்டாவது. இந்த வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு ஜெம் கிளிப்பையும் மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோலையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் தோலிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் கவராயத்தின் இரு முனைகளைக் கொண்டு இதையே செய்து, முடிவுகளை 1834இல் வெளியிட்டார். இரு முனைகளும் இரண்டாகவே உணரப்படுவதற்கு அவற்றுக்கிடையே குறைந்தது எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதே கேள்வி. அந்த இடைவெளிக்கு இருபுள்ளி வரம்பு என்று பெயர்.

படி 1: கருவி

கிளிப்பை நிமிர்த்தி, இரு முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு வளையுங்கள். வெட்டுமுனையில் பிசிறு இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து மழுங்கச் செய்து, துடைத்துக்கொள்ளுங்கள். வடிவியல் பெட்டியில் உள்ள கூர்மையான கருவி வேண்டாம்; வலியை உணர்த்தும் நரம்பு முனைகள் வேறு என்பதால், தொடுகையை அளக்கப்போய் குத்தலை அளந்ததாகிவிடும்.

படி 2: தொடும் முறை

சோதனைக்கு உட்படுபவர் கண்ணை மூடி, கையை மேசைமேல் தளர்வாக வைத்திருக்கட்டும். தோல் இலேசாகக் குழியும் அளவுக்கு மட்டும் அழுத்தி, ஓரிரு விநாடி வைத்திருந்து எடுங்கள். இரு முனைகளும் ஒரே நொடியில் தோலைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால், இடைவெளி புலப்படாதபோதும் அந்தக் கால வேறுபாடே "இரண்டு" என்று காட்டிக்கொடுத்துவிடும். முனைகளைக் கையின் குறுக்குவாக்கில் வைத்தால் நீளவாக்கைவிட எளிதில் பிரித்தறிய முடியும் என்று வேபரே குறித்திருப்பதால், தொடங்கிய திசையை இடையில் மாற்றாதீர்கள்.

படி 3: வரிசையும் பொறி வைத்தலும்

விரல் நுனியில் 8 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, ஒவ்வொரு மி.மீ. ஆகக் குறைத்து, "ஒன்று" என்ற பதில் வரும் இடத்தைக் குறியுங்கள். பிறகு 1 மி.மீ.இலிருந்து ஏறி வந்து, "இரண்டு" என்ற பதில் வரும் இடத்தைக் குறியுங்கள். இறங்கும்போது பழக்கத்தின் வேகத்தில் "இரண்டு, இரண்டு" என்று சொல்லிக்கொண்டே போவதும், ஏறும்போது "ஒன்று" என்பதிலேயே நிற்பதும் மனித இயல்பு. இரு திசை அளவுகளின் சராசரியை எடுத்தால் இந்தச் சாய்வு ஓரளவு நேராகும்.

இந்தச் சோதனையின் நேர்மை முழுவதும் அடுத்த விஷயத்தில்தான் இருக்கிறது என்பேன். இடையிடையே, சொல்லாமல், ஒரே ஒரு முனையால் தொடுங்கள். அப்போதும் "இரண்டு" என்ற பதில் அடிக்கடி வந்தால், அவர் தோலைக் கேட்காமல் ஊகத்தைக் கேட்டுப் பதில் சொல்கிறார் என்று பொருள். அந்தத் தொகுதியை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சரி, தவறு என்று எந்தக் கட்டத்திலும் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தைக்கூடப் பிடித்துவிடுவார்.

பிறகு உள்ளங்கையிலும் முன்கையிலும் இதே முறையைச் செய்யுங்கள். முன்கையில் 60 மி.மீ.இல் தொடங்கி, ஐந்தைந்தாகக் குறைத்தால் போதும்.

என்ன கிடைக்கும்?

பொதுவாக விரல் நுனியில் 2 முதல் 4 மி.மீ., உள்ளங்கையில் சுமார் 10 மி.மீ., முன்கையில் 30 முதல் 40 மி.மீ. வரை வரும்; முதுகில் அதற்கும் கூடுதல். விரல் நுனியில் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, ஒவ்வொரு நரம்பிழையும் கவனிக்கும் பரப்பும் சிறியது. மூளையின் பங்கீடும் அப்படியே. கனடாவின் மான்ட்ரியலில் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப்புறணியை (மூளையின் மேலடுக்கை) மின்தூண்டல் செய்து, 1937இல் வெளியிட்ட ஆய்வில், விரல்களுக்கும் உதடுகளுக்கும் அவற்றின் உருவத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பிரெய்ல் எழுத்தின் புள்ளிகள் சுமார் 2.5 மி.மீ. இடைவெளியில் இருப்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள். அதே எழுத்தை முன்கையில் வைத்து வாசிக்க முடியாது.

படி 4: அளவு மாறாமல் இடைவெளி விரிதல்

இதுவரை அளந்தது பெரும்பாலும் புலனுணர்வின் எல்லை. இப்போது முனைகளை 15 மி.மீ. இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக, காதுக்கு முன்னால் கன்னத்தில் வையுங்கள். ஒரு முனை மேலுதட்டுக்கும் மற்றது கீழுதட்டுக்கும் வந்து சேருமாறு, கன்னத்தின் குறுக்கே மெதுவாக இழுங்கள். கண்ணைத் திறக்கும் முன்பே, இரு கோடுகளும் இணையாக வந்தனவா, விலகி வந்தனவா என்று கேளுங்கள். வாயை நெருங்க நெருங்க இடைவெளி அகன்றது போலத் தோன்றும். வேபர் கண்ட இந்த மாயத்தோற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நுண்மை மிகுந்த தோலில் அதே தூரம் பெரிதாக உணரப்படுவதுதான் இதற்குக் காரணம். ஆனால் விரல் நுனிக்கும் முன்கைக்கும் நுண்மை ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபட்டாலும், உணரப்படும் தூரம் பத்து மடங்கு பெருகுவதில்லை. உடல் உறுப்புகளின் உண்மையான அளவைப் பற்றித் தன்னிடம் உள்ள அறிவைக் கொண்டு மூளை அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. ஈடுசெய்யப்படாமல் எஞ்சிய பகுதியே கன்னத்தில் விரிந்த அந்த இடைவெளி.