எம்பயர் ஆஃப் சின்: புதியவர்கள் திவாலாகாமல் தொடங்குவது எப்படி?

மதுரையில் எனக்குத் தெரிந்து ‘எம்பயர் ஆஃப் சின்’ என்ற வீடியோ கேமை வாங்கிய பலர் அதைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்கள். எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: கொஞ்ச நேரத்திலேயே கையில் காசு தீர்ந்துவிடுகிறது. அட்டையில் தொப்பியும் துப்பாக்கியும் இருப்பதால் இதைச் சண்டை ஆட்டம் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். உள்ளே இருப்பது வியாபாரம். சரக்கு, கடை, சம்பளம், லாபம் என்ற வரிசையில் போனால் சண்டை தானாகச் சுலபமாகும். அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. அயர்லாந்தின் ரொமேரோ கேம்ஸ் உருவாக்கி, பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆட்டம் இது. இயக்கியவர் பிரெண்டா ரொமேரோ. கதை நடப்பது 1920களின் சிகாகோவில். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு 1920 ஜனவரி 17 அன்று அமலுக்கு வந்து, 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. மதுவிலக்கு நமக்கும் புதிதல்ல. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்ததிலிருந்து, அது வருவதும் போவதுமாக இருந்த மாநிலம் நம்முடையது. விற்கத் தடை, ஆனால் வாங்க ஆள் இருக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் மொத்த ஆட்டமும் நடக்கிறது. சூதாட்டம், விபச்சாரம், ரத்தம் எல்லாம் வரும். பெரியவர்களுக்கான ஆட்டம், வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

புதிய ஆட்டம் தொடங்கும்போது நகரத்தின் எத்தனை பகுதிகள் வேண்டும், எத்தனை எதிரித் தலைவர்கள், எவ்வளவு கடினம் என்று கேட்கும். மூன்றையும் குறைத்து வையுங்கள். சிகாகோ முழுவதையும் முதல் ஆட்டத்திலேயே திறந்தால் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும்.

அடுத்து பாஸை, அதாவது நீங்கள் ஆடப்போகும் கும்பல் தலைவரை, தேர்ந்தெடுக்க வேண்டும். அடிப்படை ஆட்டத்தில் 14 பேர். அல் கபோன் எல்லோருக்கும் தெரிந்த பெயர். டீன் ஓபேனியன் நிஜத்திலும் பூக்கடை வைத்திருந்தவர், 1924இல் அந்தக் கடைக்குள்ளேயே சுடப்பட்டுச் செத்தார். ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் நிஜத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சூதாட்டத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர், ஆட்டத்துக்காகச் சிகாகோவுக்கு வந்திருக்கிறார். ஆனால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தொழிலில் ஒரு சலுகை, சண்டையில் ஒரு தனித்திறன் உண்டு. தேர்வுத் திரையிலேயே எழுதியிருக்கும். சரக்கு தயாரிப்பிலோ மதுக்கடையிலோ சலுகை உள்ள பாஸ்தான் புதியவருக்கு நல்லது. சூதாட்ட விடுதிச் சலுகை கவர்ச்சியாகத் தெரியும். அதன் பலன் கையில் பணம் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

படி 2: முதல் கட்டடம்

தெருவில் பாழடைந்த கட்டடங்கள் இருக்கும், உள்ளே நாலைந்து ரவுடிகள் இருப்பார்கள். அவர்களை விரட்டினால் கட்டடம் உங்களுக்கு. அதை என்ன தொழிலாக மாற்றுவது என்பது உங்கள் முடிவு. தெருவில் நேரம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது நிறுத்தலாம். எந்த முடிவு எடுத்தாலும் நேரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். இன்னொன்று, சண்டைக்குள் நுழையும் முன் ஆட்டத்தைச் சேமித்துவிடுங்கள். கோடையில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

படி 3: ஆலையும் கடையும்

இதுதான் ஆட்டத்தின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

சரக்கு தயாரிப்பது ஆலை. அதை விற்பது ஸ்பீக்கீசி எனப்படும் ரகசிய மதுக்கடை. ஆலை நேரடியாகப் பணம் கொட்டாது, கடைதான் கொட்டும். அதனால் புதியவர்கள் கட்டடம் கிடைக்கக் கிடைக்கக் கடையாகத் திறக்கிறார்கள். என் சித்தி மகன் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறான், வீடியோ கேம் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். நண்பர் ஒருவர் திணறிக்கொண்டிருந்த ஆட்டத்தை அவனிடம் காட்டினேன். வரவு செலவுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏண்ணே, ஆலை ஒண்ணு, கடை மூணு. சரக்கு எங்கிட்டிருந்துண்ணே வரும்?” என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். உங்கள் ஆலை 40 பீப்பாய் தருகிறது, ஒரு கடைக்கு 25 தேவை என்று வையுங்கள். ஒரு கடை இருந்தால் 15 மிச்சம். இரண்டாவது கடை திறந்ததும் 10 பற்றாக்குறை. மூன்றாவதைத் திறந்தால் 35 பற்றாக்குறை, அதாவது ஒரு கடைக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஆனால் மூன்று கடையின் பராமரிப்புச் செலவையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். எனவே முதல் கடை ஓடத் தொடங்கியதும் ஆலையின் உற்பத்தியைக் கூட்டுங்கள். அப்புறம்தான் இரண்டாவது கடை. மூன்றாவதற்கு முன் இன்னொரு ஆலை.

சரக்கின் தரமும் முக்கியம். ஸ்வில் என்ற மட்டமான சரக்கில் தொடங்கி விஸ்கி, அதற்கு மேல் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் மக்களின் வசதியைப் பொறுத்து ருசி மாறும். ஏழைப் பகுதியில் உயர்தரச் சரக்கு தயாரித்தால் செலவுதான் மிச்சம். பகுதி செழித்து வளர்ந்த பிறகும் ஸ்வில்லையே ஊற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் குறையும். ஒரு பகுதியில் நுழையும்போதே அங்கே என்ன ஓடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஆலையை மாற்றுங்கள். இடையிடையே மறுபடி பாருங்கள், தேவை மாறிக்கொண்டே இருக்கும்.

பிறகு மேம்பாடுகள். பாதுகாப்பு, போலீஸின் கண்ணிலிருந்து மறைத்தல், உள் அலங்காரம், வாய்வழி விளம்பரம் என்று பல உண்டு. பணம் பண்ணுவது அலங்காரமும் விளம்பரமும். ஆனால் ஆலைக்கு முதலில் பாதுகாப்பு போடுங்கள். கடை ஒன்று போனால் ஒரு கடையின் வருமானம்தான் போகும், ஆலை போனால் எல்லாக் கடையும் காய்ந்துவிடும். சில தொழில்கள் ஒன்றுசேர்ந்தால் ‘சினர்ஜி’ என்று கூடுதல் வருமானமும் வரும். விளக்குத்தூணைச் சுற்றி ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்து நிற்பதால் எல்லாக் கடைக்கும் கூட்டம் வருகிறதே, அந்தக் கணக்குத்தான்.

படி 4: ஆட்கள்

பிளாக் புக் என்ற பட்டியலில் வேலைக்கு வரக்கூடிய கேங்ஸ்டர்கள் இருப்பார்கள். முன்பணம் ஒன்று, தொடர் சம்பளம் ஒன்று. முன்பணம் கையில் இருக்கிறது என்பதற்காக ஆள் எடுக்காதீர்கள், சம்பளம் லாபத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். முதலில் ஒரு மருத்துவர், முன்னால் நின்று அடி வாங்கக்கூடிய ஒரு என்ஃபோர்சர், இந்த இருவர் போதும்.

ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொருவருக்கும் நண்பன், பகையாளி, காதல் என்று உறவுகள் உண்டு. உங்களிடம் இருப்பவனின் பகையாளியைக் கூப்பிட்டால் வர மாட்டான். எதிரணியில் காதலி நின்றால் அவள் மேல் சுட மாட்டான். எடுக்கும் முன் உறவுப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

படி 5: சண்டை

இங்கே முறைவைத்து நகர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் இரண்டு செயல் புள்ளிகள். கதவைத் தாண்டியதும் சுடத் தோன்றும், சுடாதீர்கள். முதல் புள்ளியில் தூணுக்கோ முழு உயர மறைப்புக்கோ பின்னால் போங்கள். இரண்டாவது புள்ளியை ஓவர்வாட்ச்சுக்குக் கொடுங்கள், அதாவது எதிரி நகர்ந்தால் உங்கள் ஆள் தானாகச் சுடுவான். எதிரிகளே உங்களை நோக்கி ஓடிவருவார்கள், திறந்தவெளியில் மாட்டுவார்கள். அடுத்த சுற்றில் பக்கவாட்டில் ஒருவனை அனுப்பினால் மிச்சமிருப்பவனின் மறைப்பும் பயன்படாது. பாஸ் எப்போதும் கடைசியில் நிற்கட்டும். மற்றவர்கள் விழுந்தால் சில சுற்றுகளுக்குள் காப்பாற்றப் பார்க்கலாம், செத்தாலும் புது ஆள் எடுக்கலாம். பாஸ் செத்தால் ஆட்டமே முடிந்தது.

படி 6: பேச்சுவார்த்தை, அப்புறம் முதல் போர்

இன்னொரு தலைவரைச் சந்தித்ததும் மேசைக்கு அழைப்பு வரும். வியாபார ஒப்பந்தம், தாக்காமை ஒப்பந்தம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது அவகாசம்தான், வீறாப்புப் பேசி எந்தப் பலனும் இல்லை. பக்கத்துப் பகுதியில் இருப்பவரோடு தாக்காமை ஒப்பந்தம் போட்டுவிட்டால், பாதுகாப்புக்குச் செலவிடும் பணம் ஆலைக்குப் போகும்.

போர் எப்போது? எல்லாச் சம்பளமும் போக வருமானம் தொடர்ந்து மிஞ்ச வேண்டும், மருத்துவரோடு சேர்த்து நான்கைந்து பேர் நல்ல ஆயுதத்தோடு நிற்க வேண்டும், ஆலைகளில் காவல் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் சின்னக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கபோன் அளவு ஆளிடம் போக வேண்டாம். முதலில் அவர்களுடைய ஆலையை அடியுங்கள். அவர்களின் கடைகள் சரக்கில்லாமல் தவிக்கும்போது அந்தப் பகுதியில் உங்கள் கடை ஒன்றைத் திறந்து, அங்கே ஓடும் தரத்திலேயே சரக்கை இறக்குங்கள். அவர்களுடைய தலைமையிடமான பதுங்கிடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காவல் அதிகமாக இருப்பது அங்கேதான்.