கோட் அனுப்பினால் அது அந்தப் பக்கமும் ஓடவேண்டும்

உயர்தர ஐசிடி (தகவல் தொழில்நுட்பப்) பாடத்துக்கு பைதன் என்ற நிரல் மொழி படிக்கிற பிள்ளைக்கு ஒரு உதாரணக் கோட் அனுப்புகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளை அதை அப்படியே கொப்பி பண்ணி ஓட்டிப் பார்க்கவேண்டும், உங்களுக்கு வந்த விடையே அங்கேயும் வரவேண்டும். அதனால் முதலில் படம் அனுப்புவதை விடுங்கள். லப்டொப் திரையைப் போன் கமராவால் சரிவாகப் படம்பிடித்து, யன்னல் வெளிச்சமும் சேர்ந்து விழ, “அண்ணா, இதில என்ன பிழை?” என்று வருகிறதே, அதில் இருப்பது முற்றுப்புள்ளியா காற்புள்ளியா என்று கண்டுபிடிப்பதற்குள் விசர் பிடித்துவிடும்.

எழுத்தாக அனுப்பினாலும் வட்ஸ்அப்பில் ஒரு சிக்கல் உண்டு. பெருக்கலுக்குப் போட்ட உடுக்குறியையும் (*) பெயர்களில் வரும் அடிக்கோட்டையும் (_) அது தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்துக்கான குறி என்று எடுத்துக்கொண்டு, சில இடங்களில் விழுங்கிவிடும். கோடுக்கு முன்னால் மூன்று பேக்டிக், பின்னால் மூன்று பேக்டிக் போட்டால் தொடாமல் விடும் (கீபோர்டில் 1க்கு இடப்பக்கம் இருக்கிற குறிதான்). வேர்ட்டில் அடித்து அங்கிருந்து ஒட்டவே ஒட்டாதீர்கள், அது நேரான மேற்கோள்குறியை வளைத்துவிடும், பைதன் சின்டக்ஸ் எரர் என்று நின்றுவிடும், பிள்ளை மணிக்கணக்காகத் தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. கோட் ஒரு திரையைத் தாண்டினால் கோப்பாகவே அனுப்புங்கள்.

உள்தள்ளலுக்கு, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு, நாலு ஸ்பேஸ். பைதன் கோட் எழுதும் நடைக்கென்று 2001இல் எழுதிய பெப் 8 வழிகாட்டி சொல்வதும் அதுதான். டாப்பையும் ஸ்பேஸையும் கண்டபடி கலந்தால் பைதன் 3 ஓடவே மறுக்கும். வரிக்கு 79 எழுத்து என்றும் அதில் இருக்கிறது, ஆனால் போனில் அதுவும் மடிந்துதான் வரும், இன்னும் சுருக்கினால் நல்லது.

பெயர்கள் விசயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய கணக்கை உதாரணமாக எடுத்தால், ஏ, பி, சி என்று வைக்காமல்

மொத்தம் = விலை * எடை

என்று எழுதலாம். விலைக்கும் எடைக்கும் மேலே எண் கொடுத்திருந்தால் பைதன் 3இல் இந்த வரி அப்படியே ஓடும். பெரிய வேலைகளுக்கு ஆங்கிலப் பெயர்தான் வசதி, ஆனால் முதன்முதலாகப் படிக்கிறவருக்கு இது உடனே விளங்கும். இப்படிப் பெயர் வைத்தபிறகு ‘விலையை எடையால் பெருக்குகிறோம்’ என்று கொமென்ட் (விளக்கக் குறிப்பு) எழுதத் தேவையில்லை. எடை கிலோவிலா கிராமிலா என்று எழுதுங்கள், அதுதான் வரியைப் பார்த்தால் தெரியாதது.

தமிழ்த் தரவு வைக்கிறீர்கள் என்றால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தேடவும் வராது, வரிசைப்படுத்தவும் வராது. யூனிகோடில் அடியுங்கள், கோப்பைத் திறக்கிற வரியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் எழுத்து குழம்பி வரலாம்.

அப்புறம், கேள்விக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள். முந்நூறு வரியில் பிழை ஒரு லூப்பில் என்றால் அந்த லூப்பும் மூன்று நாலு வரித் தரவும் போதும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் இரகசியக் குறியீடு), கடைக்காரரின் உண்மையான வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பொய்த் தரவு போடுங்கள். பாஸ்வேர்ட் ஏற்கெனவே போய்விட்டதென்றால் மெசேஜை அழித்தால் மட்டும் போதாது, பாஸ்வேர்டையே மாற்றவேண்டும்.

வெட்டிச் சுருக்கிய கோட் பகுதியை ஒரு புதுக் கோப்பில் ஒட்டி ஒருதரம் ஓட்டுங்கள். வெளி நூலகத்தை அழைக்கிற இம்போர்ட் வரி விடுபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வந்த விடையையும் பைதன் பதிப்பையும் கீழே சேருங்கள், பிழை வந்திருந்தால் டிரேஸ்பேக்கை (பைதன் காட்டும் பிழைச் செய்தியை) முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தாகவே ஒட்டுங்கள்.